பத்ரகாளி ஊரில் ஒரு பழைய வீடு

கேள்வி: ஓய்வுபெற்றதும் மேச்சேரியில் குடியேற ஆசை. பத்ரகாளியம்மன் கோயில் பக்கம் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வாங்கலாம், அவசரம் வேண்டாம். கோயிலை ஒட்டிய இடம் என்றால் முதலில் கேட்க வேண்டியது, மண் யாருடையது என்பதுதான். சுவர் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. ‘மூணு தலைமுறையா இருக்கோம்’ என்பது பத்திரமாகிவிடாது. பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். பாகப்பிரிவினையில் அக்கா தங்கைகள் கையெழுத்து இருக்கிறதா? பலர் மாட்டுவது இங்கேதான். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

மேட்டூர் அணை பக்கத்தில்தானே, தண்ணீருக்கு என்ன குறை என்று நினைத்துவிடாதீர்கள். இது வறட்சி தாங்கும் மேச்சேரி ஆடு பிறந்த மானாவாரிச் சீமை. சித்திரை வெயிலில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.