கிருமியே கூர்தீட்டும் மருந்து

கேள்வி: அண்ணன் காசநோய்க்கு ஐசோநியசிட் சாப்பிடுகிறார். அது கிருமியை எப்படிக் கொல்கிறது?
– ஒரு வாசகர், அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: காசநோய்க் கிருமியின் மேலுறையில் மைக்காலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பு செறிந்திருக்கிறது. பல மருந்துகள் உள்ளே புக முடியாமல் தடுப்பது அதுதான். அதை உருவாக்கும் நொதிகளில் ஒன்று இன்ஹா.

ஐசோநியசிட் தனியாக இன்ஹாவை ஒன்றும் செய்யாது. வியப்பு என்னவென்றால், கிருமியின் இன்னொரு நொதியான கேட்ஜிதான் அதற்கு வீரியம் தருகிறது! வீரியம் பெற்ற மருந்து என்ஏடி என்ற மூலக்கூறோடு பிணைந்து, இன்ஹாவின் குழிக்குள் அமர்ந்து அதை முடக்குகிறது. மேலுறை கட்ட முடியாமல் கிருமி சாகிறது. 1998இல் வெளியான படிக அமைப்பு ஆய்வு இந்தப் பிணைப்பைத் தெளிவாகக் காட்டியது.

கேட்ஜி மரபணு திரிந்துவிட்டால் வீரியம் ஏறாது. ஐசோநியசிட் எதிர்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அதனால்தான் கூட்டு மருந்துகள் தருகிறார்கள். இருமல் நின்றாலும், மருத்துவர் சொல்லும்வரை அண்ணன் ஒரு மாத்திரையும் விடக்கூடாது.

இன்னொன்று: நோயாளி வீட்டிலிருந்தே இம்மருந்து அடங்கிய சிகிச்சையால் குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையின் காசநோய் ஆய்வு மையம்.