மினி டிராக்டருக்கு ரோட்டவேட்டர்: கரிசல்காட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரியாபட்டிப் பக்கம் மினி டிராக்டர் வாங்குகிறவர், கூடவே ரோட்டவேட்டருக்கும் விலை கேட்டுவிடுகிறார். காடெல்லாம் கோரையும் அருகும்தான். களையெடுக்கும் ஆட்கள் பட்டாசு ஆலைக்குப் போய்விடுவதால் ரோட்டவேட்டர் மீது ஆசை வருவதும் நியாயம்தான்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் கத்தியில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் சில நாள்தான் பதம். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கீழே போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம், சப்பென்று ஒட்டினால் பொறுங்கள்.

ரோட்டவேட்டர் நாலைந்து அங்குலம்தான் கிளறும். வருஷா வருஷம் அதையே ஓட்டினால் அதற்குக் கீழே மண் இறுகித் தட்டாகிவிடும். ஐப்பசி மழை உள்ளே இறங்காது. மேலே பொடியான மண்ணும் ஒரு மழையில் பொருக்குத் தட்டும். அதனால் மானாவாரிப் பருத்தியும் சோளமும் மட்டும் போடுகிறவர் முதலில் வாங்க வேண்டியது அஞ்சு கொத்துக் கலப்பை. கோடை உழவுக்கு அதுதான். கிணற்றுப் பாசனத்தில் மிளகாய், மல்லிகை, காய்கறி வைத்திருப்பவருக்கு ரோட்டவேட்டர் உதவும்.

அகலம் எவ்வளவு?

எஞ்சின் திறன் முழுதும், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேராது. 24 குதிரைத்திறன் வண்டியில் 20, 21 கிடைக்கும். அதற்கு மூன்றரை அடி போதும். நாலடி போட்டால் மணலில் ஓடும், கரிசலில் எஞ்சின் திணறும். ஆனால் பின்சக்கரத் தடத்தைக் கருவி மூடியாக வேண்டும். இல்லையென்றால் சக்கரம் மிதித்த இடம் அப்படியே கட்டியாகக் கிடக்கும். பருத்திப் பாருக்குள் விட நினைக்கிறவர், வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளியையும் டேப் வைத்து அளந்துகொள்ளட்டும்.

கத்தியும் கியரும்

காட்டுக்கு எல் வடிவக் கத்தி. சேற்றுழவுக்கு ஜே வடிவம், நமக்கு அது வேண்டாம். பக்கவாட்டில் சங்கிலி உள்ளது விலை குறைவு, ஆனால் அடிக்கடி இறுக்க வேண்டும். வேரும் கல்லும் உள்ள காட்டுக்கு கியர் வைத்ததே தேவலை. கத்தியும் போல்ட்டும் உள்ளூரிலோ அருப்புக்கோட்டையிலோ கிடைக்குமா என்று கேளுங்கள்.

மாட்டிப் பார்க்கும்போது

கருவியைத் தூக்கியதும் முன்சக்கரம் லேசாகிறதென்றால் முன்பக்கம் எடை போட வேண்டும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் சுழலும், மேல் உறை கட்டாயம். வேட்டி, துண்டோடு அதன் அருகே போகக் கூடாது. வேர் சிக்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மானியம்

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. அனுமதி வந்த பிறகே வாங்குங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை ரோட்டவேட்டரோடு வாடகைக்கும் விடுகிறது. ஒரு பருவம் அதை எடுத்து உங்கள் காட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.