தலை கனத்த நாசகாரிகள்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் 'மெட்டாசென்டர்' என்று ஒன்று வருமே, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டு, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவோமே, அந்தப் பாடத்தை ஜப்பான் கடற்படை சுமார் நூறு உயிர்களைக் கொடுத்துப் படித்தது.

1922-இல் வாஷிங்டன் ஒப்பந்தம் வந்தது. பெரிய போர்க்கப்பல்களில் அமெரிக்கா, பிரிட்டனுக்கு 5 என்றால் ஜப்பானுக்கு 3. சரி, பெரிசு கிடையாது என்றால் சின்னக் கப்பலிலேயே எல்லாவற்றையும் ஏற்றுவோம் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1928-இல் வந்த ஃபுபுகி வகை நாசகாரி. ஆறு 12.7 செ.மீ. பீரங்கிகள், ஒன்பது 61 செ.மீ. டார்பீடோ குழாய்கள், 50,000 குதிரைத்திறன். அன்றைக்கு உலகத்தில் இதற்கு இணையான நாசகாரி இல்லை. ஆனால் இவ்வளவும் மேல்தளத்துக்கு மேலே! எடை மேலே போகப்போக புவியீர்ப்பு மையமும் மேலே போகும். அது மெட்டாசென்டரை நெருங்க நெருங்க, சாய்ந்த கப்பல் நிமிர்வது கஷ்டமாகிக்கொண்டே போகும்.

1930 லண்டன் ஒப்பந்தம் நாசகாரிகளுக்கும் கட்டுப்பாடு போட்டது. 600 டன்னுக்குக் கீழே உள்ள கப்பலுக்குக் கணக்கு கிடையாது. உடனே அந்த ஓட்டையில் புகுந்து, நாசகாரியின் ஆயுதங்களை ஒரு சின்ன டார்பீடோ படகில் திணித்தார்கள். சைக்கிள் கேரியரில் நெல் மூட்டை ஏற்றிய கதைதான். அதில் ஒன்றான தொமோசுரு, 1934 மார்ச் 12 அன்று சாசெபோ துறைமுகத்துக்கு வெளியே புயல் கடலில் தலைகீழாகக் கவிழ்ந்தது. கவிழ்ந்த நிலையிலேயே அதை இழுத்து வந்தார்கள்.

அடுத்த வருஷமே இரண்டாவது அடி. 1935 செப்டம்பர் 26 அன்று பயிற்சிக்குப் போன நான்காவது கப்பற்படை பெரும் சூறாவளியில் மாட்டிக்கொண்டது. ஃபுபுகி வகையைச் சேர்ந்த ஹட்சுயுகி, யூகிரி இரண்டுக்கும் முன்பகுதி அப்படியே ஒடிந்து போனது. மெஷின் கோளாறு இல்லை, எதிரி இல்லை, வெறும் அலை! இதுவும் நம் பாடம்தான். நடுவில் அலை தூக்கினால் முனைகள் தொங்கும். முனைகளை அலை தாங்கினால் நடு தொங்கும். கப்பல் முழுசும் ஒரு பீம். பெண்டிங் மொமென்ட் மாறி மாறி வரும். எடையைக் குறைக்க மெல்லிய தகடும் வெல்டிங்கும் போட்டிருந்தார்கள். பழி பெரிதும் வெல்டிங் தலையில் விழுந்தது. முக்கிய பாகங்களுக்கு மறுபடியும் ரிவெட்! பழைய கப்பல்களுக்கும் தகடு சேர்த்து, அடியில் பாரம் வைத்தார்கள். எடை கூடியது, வேகம் குறைந்தது. என் கணிப்பில், போருக்கு முன் அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை இதுதான்.

டார்பீடோ விஷயத்தில் மட்டும் அவர்களை யாரும் மிஞ்சவில்லை. 93-ஆம் மாடல் டார்பீடோ காற்றுக்குப் பதில் சுத்த ஆக்ஸிஜனில் ஓடியது. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அது எரியாமல் குமிழியாக வெளியேறித் தடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆக்ஸிஜனில் அந்தத் தொல்லை மிகக் குறைவு, தூரமும் அதிகம். வெல்டிங் ஷாப்பில் ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் எண்ணெய்க் கையோடு போனால் சத்தம் போடுவாங்களே, அதே பயம் அவர்களுக்கும் இருந்தது. குழாய்களில் எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்து, முதலில் காற்றில் கிளப்பி, அப்புறம்தான் ஆக்ஸிஜனுக்கு மாற்றினார்கள். 1942 நவம்பர் 30 இரவு, குவாடல்கனால் தீவுக்கருகே தாசாஃபரோங்காவில், தனகாவின் எட்டு நாசகாரிகள் ஒரு அமெரிக்கக் கனரகக் க்ரூசரை மூழ்கடித்து, இன்னும் மூன்றை நொறுக்கின. இழந்தது ஒரே நாசகாரி.

ஆனால் ராடார் வந்ததும் இருட்டு யாருக்கும் சொந்தமில்லை என்றாகிவிட்டது. 1943 நவம்பர் 25 அன்று செயின்ட் ஜார்ஜ் முனைக்கருகே, ஐந்து அமெரிக்க நாசகாரிகள் தங்கள் பக்கம் ஒரு கப்பலும் இழக்காமல் மூன்று ஜப்பானிய நாசகாரிகளை மூழ்கடித்தன. அந்த மூன்றில் ஒன்று, சூறாவளியில் தலை ஒடிந்து பிழைத்த அதே யூகிரி.

மூழ்கிய வேகத்துக்குப் புதுசு கட்ட முடியவில்லை. 1944-இல் மட்சு வகை வந்தது. வெறும் 19,000 குதிரைத்திறன், 28 நாட்டுக்கும் குறைவான வேகம். பார்த்தால் ஃபுபுகிக்கு ஏழைத் தம்பி. ஆனால் பாய்லர் அறை, எஞ்சின் அறை, மறுபடி பாய்லர், மறுபடி எஞ்சின் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு குண்டு விழுந்து ஒரு ஜோடி போனாலும் இன்னொரு ஜோடி ஓட்டும். அதைவிட எளிமையாக்கிய தச்சிபானா வகையில், 1935-இல் ஒதுக்கப்பட்ட வெல்டிங் தாராளமாகத் திரும்பி வந்தது. இரண்டு வகையும் சேர்த்து 32 கப்பல்கள் முடிந்தபோது, அவற்றை ஓட்ட எண்ணெய்தான் ஜப்பானிடம் இல்லை.