வினைக் கோட்பாடும் அன்றாட வாழ்வும்: பீர்மேட்டு மலைகள் தரும் பாடம்

வினைக் கோட்பாட்டைப் போல நம் நாட்டில் பாமரர் முதல் பண்டிதர் வரை எல்லோர் நாவிலும் வழங்கும் தத்துவம் வேறில்லை. அதைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் தத்துவமும் வேறில்லை. துன்பப்படுபவர், ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்று கூறி முயற்சியைக் கைவிடுகிறார். அதைப் பார்த்து நிற்பவர், ‘அவரவர் வினை அவரவருக்கு’ என்று கூறி விலகிச் செல்கிறார். முன்னவர் இழப்பது முயற்சியை. பின்னவர் இழப்பது கருணையை. நம் ரிஷிகள் இவ்விரண்டில் எதற்காகவும் இந்தக் கோட்பாட்டை அருளவில்லை. அவர்கள் அருளியதன் நோக்கம் என்ன என்பதைத் தமிழ் மக்கள் உழைத்து வாழும் ஒரு மலைப்பகுதியை முன்வைத்துச் சிந்திப்போம்.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையில், ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது பீர்மேடு. பீர் முகம்மது என்ற சூஃபி ஞானியின் பெயரால் இவ்வூர் வழங்குவதாக மரபு கூறும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழை மக்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து, கொழுந்து பறித்தே பிள்ளைகளை வளர்த்தார்கள்.

2000ஆம் ஆண்டையொட்டி இப்பகுதியின் பல தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நிலுவைச் சம்பளமும் பணிக்கொடையும் கிடைக்காமல் பல குடும்பங்கள் வறுமையில் வாடின. ‘நாள் தவறாமல் உழைத்த இவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?’ என்ற கேள்வி எவருக்கும் எழும். இதற்கு நேர்மையாக விடை தேடினால்தான் வினைக் கோட்பாடு நமக்கு விளங்கும்.

மூவகை வினைகள்

சாத்திரங்கள் வினையை மூன்றாகப் பகுக்கின்றன. பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் வினைக்குவியல் சஞ்சிதம். அக்குவியலிலிருந்து இப்பிறவியில் பலன் தரத் தொடங்கிவிட்ட பகுதி பிராரப்தம். இப்பொழுது நாம் செய்து, இனிப் பலன் தரவிருப்பது ஆகாமியம்.

தேயிலைத் தோட்டத்தை நோக்குங்கள். தேயிலைச் செடி நட்டவுடன் பலன் தருவதில்லை. சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பலன் தரத் தொடங்கிவிட்டாலோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் கொழுந்து தரும். இன்று கூடையில் விழும் கொழுந்து என்றோ நட்ட செடியினுடையது. அது பிராரப்தம் போன்றது. ‘இந்தச் செடி இங்கே ஏன் நிற்கிறது?’ என்று வாதாடிப் பயனில்லை. ஆனால் இன்று எப்படிப் பறிப்பது, எப்பொழுது கவாத்து செய்வது, காலியிடத்தில் எந்த நாற்றை நடுவது என்பவை நம் கையில் உள்ளன. அவை ஆகாமியம் போன்றவை. இவ்வுவமைக்கு ஓர் எல்லை உண்டு. தோட்டத்தில் நட்டவர் ஒருவர், பறிப்பவர் வேறொருவர். வினையிலோ நட்டவரே பறிக்கிறார் என்பது சாத்திரத்தின் முடிபு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கவாத்து செய்து, தவறாமல் கொழுந்து பறித்து வந்தால்தான் தேயிலை இடுப்பளவுச் செடியாக நிற்கும். கைவிடப்பட்டால் ஆளுயரம் கடந்து மரமாகிவிடும். பிறகு அதில் கொழுந்து பறிக்க இயலாது. மூடப்பட்ட தோட்டங்களில் இதைக் கண்கூடாகக் காணலாம். நம் மனத்தின் சம்ஸ்காரங்களும் இத்தகையவையே. ஒரு நாள் கோபம் சிறு தளிர். கண்காணிக்காமல் விட்டால் அதுவே சுபாவம் என்னும் மரமாகிறது.

விதி ஐந்தில் ஒன்று

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்று பகவான் கூறுகிறார். அவை இருப்பிடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம் என்பன. நாம் விதி என்று கூறும் தெய்வம் இவற்றுள் ஐந்தாவதாக எண்ணப்படுகிறது. எஞ்சிய நான்கையும் மறந்துவிட்டு ஐந்தாவதை மட்டுமே பிடித்துக்கொள்வது கீதை காட்டும் நெறி அன்று. திருவள்ளுவரும் ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்குத் தனியே இன்னோர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே அவர் கருத்தை அறிந்தவர்.

தோட்டங்கள் நலிந்ததற்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள் உண்டு. தேயிலை விலை வீழ்ந்தது. மூப்படைந்த செடிகளை மாற்றி நடுவது தள்ளிப்போடப்பட்டது. நிர்வாகங்கள் தோட்டத்தைக் கைவிட்டன. இவை அனைத்தும் மனிதர் செய்த, அல்லது செய்யத் தவறிய செயல்கள். இவற்றின் விளைவைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் முற்பிறவிக் கணக்கில் எழுதிவிடுவது, பதில் கூற வேண்டியவர்களை மறைத்துவிடும். உழைத்தவருக்கு உரிய கூலியைத் தராமல் விடுவதும் வினையே. அதற்கும் பலன் உண்டு. வினைக் கோட்பாடு வலியவரை விலக்கிவிட்டு எளியவரை மட்டும் கட்டுப்படுத்துவதன்று.

அம்மக்கள் வெறுமனே அமர்ந்திருக்கவுமில்லை. மூடப்பட்ட சில தோட்டங்களில் தொழிலாளர்கள் செடிகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, பச்சைக் கொழுந்தைப் பறித்து விற்றுப் பிழைத்தார்கள். பலர் வெளியூர்களில் வேலை தேடிச் சென்றார்கள். பிராரப்தத்தை ஏற்று, அதன் நடுவிலும் முயற்சியைக் கைவிடாத இந்நிலைக்கே புருஷார்த்தம் என்று பெயர்.

பிறர் துன்பமும் நம் கடமையும்

‘இது என் வினை’ என்று தன் துன்பத்தைப் பொறுமையுடன் ஏற்பது சாதனை. ‘இது உன் வினை’ என்று பிறர் துன்பத்திற்குத் தீர்ப்புக் கூறுவது அகங்காரம். பிறரது முற்பிறவி நமக்குத் தெரியாது. அவரது இன்றைய பசி தெரியும். துன்புறும் ஒருவர் நம் கண்முன் வரும்போது, அந்தச் சந்திப்பு நமது பிராரப்தத்திலும் அடங்கியதே. அப்பொழுது நாம் செய்வதும், செய்யாமல் விடுவதும் நமது ஆகாமியமாகிறது.

1895 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கி சுவாமி விவேகானந்தர் நிகழ்த்திய சொற்பொழிவுகளே ‘கர்மயோகம்’ என்ற நூலாயின. உதவுபவர், உதவி பெறுபவருக்கு நன்றியுடையவராக இருக்க வேண்டும் என்பது அதில் அவர் வலியுறுத்தும் கருத்து. சேவை செய்ய நமக்கு வாய்ப்பளித்தவர் அவரல்லவா?

பலன் கருதாப் பணி

அச்சொற்பொழிவுகளுக்குச் சில வாரங்கள் முன்பு, 1895 அக்டோபரில், இதே பீர்மேடு வட்டத்தில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபின், மேற்கே கடலுக்குச் செல்லும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் இப்பணி 1887இல் தொடங்கியது. பொறியாளர் பென்னிகுவிக் அதற்குத் தலைமை தாங்கினார். தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. காய்ச்சலாலும் விபத்துகளாலும் பல தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அணையைக் குறித்து இன்று நிலவும் வழக்குகள் நம் பொருளுக்கு அப்பாற்பட்டவை. நாம் நினைக்க வேண்டியவர்கள் அத்தொழிலாளர்கள். கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் தேனி, மதுரை வயல்களில் அந்நீர் பாய்ந்ததைக் கண்டிருப்பார்கள்? அவர்களது உழைப்பின் பயனை முகமறியாத தலைமுறைகள் இன்றும் உண்கின்றன. செயலில் முழு மனம், பலனில் பற்றின்மை என்பதன் பயனை உணர இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அன்றாடப் பயிற்சி

1. துன்பம் வரும்போது, ‘இதில் மாற்ற இயலாதது எது? என் கையில் இருப்பது எது?’ என்று பிரித்துப் பாருங்கள். முன்னதைப் பிரார்த்தனையுடன் ஏற்று, பின்னதை இன்றே தொடங்குங்கள்.

2. பிறர் துயரைக் கேட்டதும் ‘கர்மா’ என்ற சொல்லை வாயால் கூறாதீர்கள். நம்மால் இயன்ற ஓர் உதவியைச் செய்யுங்கள். இயலாவிட்டால் ஆறுதலாகக் கேளுங்கள்.

3. நம் வீட்டில், கடையில், வயலில் உழைப்பவரின் கூலியை உரிய நாளில், குறையின்றிக் கொடுங்கள். வழிபாட்டுக்கு முன் செய்ய வேண்டிய வழிபாடு அது.

4. இரவில் உறங்குமுன் அன்றைய எண்ணங்களை நினைத்துப் பாருங்கள். வளரக் கூடாத தளிர் ஒன்றையேனும் கிள்ளிவிட்டு, அன்றைய செயல்களின் பலனை இறைவன் திருவடியில் சமர்ப்பித்து உறங்குங்கள்.

காலையில் தேநீர் அருந்தும்போது, அக்கொழுந்தைப் பறித்த கையை ஒரு கணம் நினையுங்கள். அந்தக் கைக்கும் நமக்கும் உள்ள தொடர்பை உணர்ந்து வாழ்பவர் வினையின் நியதியை அறிந்தவராவார். அவர் செய்யும் சிறு செயலும் கர்மயோகமாக மலரும்.