மாத்திரைக்கு மசியாத கொக்கிப்புழு

கேள்வி: ஒரே பூச்சி மாத்திரை சில நாய்களுக்குக் கேட்கிறது, சிலவற்றுக்குக் கேட்பதில்லையே, ஏன்?

பதில்: புழுவின் மரபணுவும் காரணமாக இருக்கலாம். ஒரே நாயின் குடலில் உள்ள கொக்கிப்புழுக்கள்கூட மரபணுவில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஃபென்பெண்டசோல் போன்ற மருந்துகள் புழுவின் பீட்டா டியூபுலின் புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் அதைக் கொல்கின்றன. அந்தப் புரதத்தின் 167ஆவது இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதில் டைரோசின் வந்துவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்டு நாய்களுக்கு அடிக்கடி பூச்சி மருந்து கொடுத்தார்கள். சாதாரணப் புழுக்கள் செத்தன. மாறியவை பிழைத்துப் பெருகின. பந்தயம் முடிந்து தத்துப்போன நாய்களோடு அவையும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மருந்து கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்து மலப் பரிசோதனை செய்யுங்கள். முட்டைகள் குறையவில்லையென்றால், மாத்திரையை நீங்களே கூட்டிக் கொடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.