நீல டால்பின்களின் தீவு: நாவலும் வரலாறும்

கடலில் தனித்து விடப்பட்டவர்களின் கதை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவன் ராபின்சன் குரூசோ. டேனியல் டிஃபோ 1719-ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்தக் கதையைச் சுருக்கமாகவேனும் நம்மில் பலர் படித்திருப்போம். குரூசோவுக்கு உடைந்த கப்பலிலிருந்து துப்பாக்கியும், வெடிமருந்தும், தச்சுக் கருவிகளும், ஏன், விவிலிய நூலும்கூடக் கிடைத்தன. நாம் இங்கு ஆராயவிருக்கும் நாவலின் தலைவிக்கோ அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பெயர் கரானா.

‘நீல டால்பின்களின் தீவு’ என்னும் இந்நாவலை அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஓடெல் எழுதி 1960-இல் வெளியிட்டார். சிறுவர் இலக்கியத்திற்கு அந்நாட்டில் அளிக்கப்படும் நியூபெரி பதக்கம் 1961-இல் இதற்குக் கிடைத்தது. கலிபோர்னியாக் கரையிலிருந்து சுமார் 60 மைல் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் இருக்கும் சான் நிக்கோலஸ் தீவுதான் கதை நிகழும் இடம்.

கடல் நீர்நாய்களின் தோலுக்காக ஒரு ருஷ்யத் தலைவனும் அவனுடைய அலூத் வேடர்களும் தீவுக்கு வருகிறார்கள். கூலி பற்றி எழுந்த சச்சரவில் கரானாவின் தந்தையும் ஊர் ஆண்களில் பெரும்பாலோரும் கொல்லப்படுகிறார்கள். பின்னர், எஞ்சிய மக்களை ஏற்றிச் செல்ல ஒரு கப்பல் வருகிறது. புயல் எழ, கப்பல் அவசரமாகப் புறப்படுகிறது. தம்பி ராமோ கரையில் தங்கிவிட்டதைக் கண்ட கரானா கடலில் குதித்து நீந்தித் தீவுக்குத் திரும்புகிறாள். ஆனால் அந்தத் தம்பியையும் சில நாளிலேயே காட்டுநாய்கள் கொன்றுவிடுகின்றன. இனி அவள் தனி.

பெண்கள் ஆயுதம் செய்யலாகாது என்பது அந்தக் குலத்தின் சட்டம். செய்தால் நான்கு திசைக் காற்றும் சீறி வருமோ, பூமி நடுங்குமோ, ஆபத்து வேளையில் அந்த ஆயுதமே முறிந்து போகுமோ என்று கரானா அஞ்சுகிறாள். அஞ்சிக்கொண்டேதான் வில்லும் ஈட்டியும் செய்கிறாள். காற்றும் சீறவில்லை, பூமியும் நடுங்கவில்லை. ஆசிரியர் இதற்காக முரசு கொட்டவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். நம்மைக் கேட்டால், நாவலின் சிறந்த பக்கங்களில் இவையும் சேரும் என்போம்.

கடற்பயணப் பகுதியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். காத்திருந்து அலுத்துப்போன கரானா, கிழக்கே தன் மக்கள் போன திசையை நோக்கித் தோணியில் புறப்படுகிறாள். அத்தீவு மக்களின் தோணியில் ஆணி கிடையாது. பலகைகளைத் துளையிட்டு நரம்புக் கயிற்றால் பிணைத்து, மூட்டுகளில் கீல் பூசுவார்கள். (நம் சோழமண்டலக் கரையில் ஓடிய மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததே.) இரவில், இடம் பெயராத வட விண்மீனைக் குறியாகக் கொண்டு துடுப்பு வலிக்கிறாள். பலகை இடுக்கில் நீர் கசிகிறது. தன் பாவாடையின் நாரைப் பிய்த்து அடைக்கிறாள். விடிந்ததும் மீண்டும் கசிவு. பலகையே பலமிழந்திருக்கிறது.

முன்னே போவதா, திரும்புவதா? சாகசக் கதைகளின் வழக்கப்படி தலைவி முன்னே போய் வெற்றி காண வேண்டும். கரானா தோணியைத் திருப்புகிறாள். இது கோழைத்தனம் அன்று. இற்றுப்போன பலகையின் நிலையைக் கண்ணால் கண்டு எடுத்த முடிவு. திரும்பும் வழியில் டால்பின்கள் கூட்டமாக வந்து தோணியின் பக்கத்தில் நீந்துகின்றன. நம் கடலோர மக்கள் ஓங்கில் என்பார்களே, அவைதான். அவை தோணியைத் தள்ளவுமில்லை, வழி காட்டவுமில்லை. துணையாக இருந்துவிட்டு மாலையில் தம் வழியே போகின்றன. கரை சேர்ந்து மணலில் விழுந்த பிறகு, தீவை விட்டுப் போகும் எண்ணத்தை விடுத்து, அங்கேயே வீடு கட்டத் தொடங்குகிறாள். வேலிக்குத் திமிங்கில விலா எலும்புகள் நட்டாள் என்றால் பாருங்கள்!

இதற்குப்பின் வருவதே நாவலின் உயிர்நிலை. தம்பியைக் கொன்ற நாய்க்கூட்டத்தின் தலைவனை அம்பெய்து வீழ்த்துகிறாள். குற்றுயிராகக் கிடக்கும் நாயின்மேல் இன்னொரு அம்பைத் தொடுத்தவள் எய்யவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. தூக்கி வந்து காயம் ஆற்றி, ரொண்டு என்று பெயரிடுகிறாள். பின்னொரு வேனிலில் அலூத் வேடர்கள் மறுபடியும் வருகிறார்கள். அவர்களோடு வந்த டூடக் என்ற பெண் இவளைக் கண்டுகொள்கிறாள். தந்தையைக் கொன்ற இனத்தவள்! ஒருத்தி மொழி மற்றவளுக்குத் தெரியாது. பொருள்களைத் தொட்டுத் தொட்டுச் சொல் கற்றுக்கொள்கிறார்கள். கரானா என்பது மறைபெயர். பிறரிடம் சொன்னால் அதன் வலிமை குன்றும் என்பது அவள் குலத்தின் நம்பிக்கை. அந்தப் பெயரை அவள் டூடக்கிடம் சொல்லிவிடுகிறாள். மன்னிப்பு என்ற சொல்லை ஆசிரியர் எங்கும் எழுதி நம்மை இடிக்கவில்லை.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அலூத் வேடர்களில் பலரை ருஷ்ய அமெரிக்கக் கம்பெனி கட்டாயப்படுத்தி வேட்டைக்குக் கொண்டுவந்தது. அவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே என்பது நாவலில் தெளிவாகவில்லை.

இனி வரலாறு. தீவு மக்கள் தாக்கப்பட்டது 1814-ஆம் ஆண்டளவில். கப்பல் வந்து அவர்களை ஏற்றிச் சென்றது 1835-இல். கதையில் அடுத்தடுத்து வரும் இரு நிகழ்ச்சிகளுக்கிடையே உண்மையில் இருபது ஆண்டு இடைவெளி உண்டு. ஒரு பெண் மட்டும் தீவில் எஞ்சினாள். 1853-இல் ஜார்ஜ் நிடெவர் என்ற வேட்டைக்காரர் அவளைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு ஐம்பது வயது இருக்கலாம் என்று மதிப்பிட்டார். ஆகவே தனித்து விடப்பட்டபோது அவள் சிறுமி அல்லள், வளர்ந்த பெண். சிறுமியாக்கியது ஓடெலின் கற்பனை. நீர்க்காக இறகால் தைத்த ஆடையும் திமிங்கில எலும்பு நட்ட குடிலும் கற்பனை அல்ல. வந்தவர்களைக் கண்டு அவள் ஓடவில்லை. புன்னகையுடன் வரவேற்றுத் தன் உணவைப் பகிர்ந்தாள்.

சான்டா பார்பரா நகருக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். குதிரையையும் வண்டியையும் கண்டு வியந்தாள். பார்க்க வந்தவர்களுக்கு முன் ஆடினாள், பாடினாள். பிரான்சிஸ்கன் சபைக் குருக்கள் அவள் மொழி தெரிந்தவர்களைத் தேடினார்கள், பயன் இல்லை. பதினெட்டு ஆண்டு தனிமையைத் தாங்கிய அந்த உடல், ஊருக்குள் வந்து ஏழு வாரம்தான் தாங்கியது. வயிற்றுக்கடுப்பு நோயால் 1853 அக்டோபரில் இறந்தாள்.

அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை மிஷன் கோவிலின் அடக்கப் பதிவேடு குறிக்கிறது. அவள் மொழியை அறிந்தவர் யாரும் இல்லாததால், நிபந்தனையின் பேரில் அது கொடுக்கப்பட்டது என்றும் அதில் காண்கிறோம். அவளுடைய விருப்பத்தைக் கேட்க ஒரு சொல்லும் இல்லாத நிலையில், அந்தக் குருவானவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? ஞானோபதேச வகுப்பில் இதை நாம் சற்றுப் பேசலாம். அன்று இடப்பட்ட பெயர் ஹுவானா மரியா. தீவில் அவளைத் தாய் தந்தையர் எப்படி அழைத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. நாவலாசிரியர் கரானாவுக்கு ஒரு மறைபெயரும், அதைச் சொல்ல ஒரு தோழியும் கொடுத்ததை இந்தச் செய்தியோடு சேர்த்து மறுபடியும் படித்துப் பாருங்கள்.

அவள் உடல் மிஷன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1928-இல் அங்கே ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். அவள் பேசியவற்றுள் எழுதி வைக்கப்பட்ட சொற்கள் நான்கே: தோல், மனிதன், வானம், உடல் என்னும் பொருளுடையவை. அவள் பாடிய பாட்டு ஒன்று, கேட்டவர் வாய்வழியாக வந்து, 1913-இல் மெழுகு உருளையில் பதிவாகியிருக்கிறது.