ஃபார்மேட் ஸ்பெசிஃபையர் – ஓர் எளிய அறிமுகம்



சி லேபில் நம்மில் பலரும் பார்த்த காட்சிதான் இது. சராசரி மார்க் கணக்கிடும் புரோகிராம். எரர் இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டது. ரன் செய்தால் 72.50 வர வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஓர் எண்! லாஜிக்கை நாலு தடவை பார்த்தாச்சு, தப்பே இல்லை. கடைசியில் பார்த்தால் பிரிண்ட்எஃப்-ல் '%எஃப்' வர வேண்டிய இடத்தில் '%டி' போட்டிருப்போம். (ஆங்கில எழுத்துக்களை இங்கே தமிழ் ஒலியில் எழுதியுள்ளேன்.)

ஏன் இப்படி? மெமரியில் இருப்பது வெறும் பிட்டுகள். அது முழு எண்ணா, தசம எண்ணா என்று அந்த பிட்டுகளுக்கே தெரியாது. 'இதை இப்படிப் படி' என்று நாம் சொல்வதுதான் ஃபார்மேட் ஸ்பெசிஃபையர். பிரிண்ட்எஃப் நம் வார்த்தையை அப்படியே நம்பும், சரிபார்க்காது.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. %டி – முழு எண். %எஃப் – தசம எண். %சி – ஓர் எழுத்து. %எஸ் – ஸ்ட்ரிங்.

2. '%6.2எஃப்' என்றால் மொத்தம் 6 இடம், புள்ளிக்குப் பின் 2 இலக்கம். 7.5 கொடுத்தால், முன்னால் இரண்டு இடம் காலி விட்டு 7.50 என்று வரும்.

3. '%05டி' போட்டால் 42 என்பது 00042 ஆகும். '%-10எஸ்' பெயரை இடப்பக்கம் ஒட்டி அச்சிடும். மார்க் லிஸ்ட் கோணாமல் வர இதுதான் வழி.

4. பிரிண்ட்எஃப்-ல் ஃப்ளோட், டபுள் இரண்டுக்கும் '%எஃப்' போதும். ஃப்ளோட் உள்ளே போகும்போதே டபுளாக மாறிவிடும். ஸ்கேன்எஃப்-க்கு நாம் கொடுப்பது முகவரி, அங்கே இந்த மாற்றம் நடக்காது. எனவே டபுளுக்கு '%எல்எஃப்' கட்டாயம். வைவாவுக்கு நல்ல கேள்வி!

இந்த வழக்கம் சி-யில் தொடங்கியதல்ல. 1957-ல் வந்த ஃபோர்ட்ரானிலேயே 'ஐ5', 'எஃப்8.2' என்று எழுதினார்கள். பிறகு வந்த மொழிகள் கொஞ்சம் கண்டிப்பானவை. ஜாவாவிலும் பைத்தானிலும் '%டி'-க்கு ஸ்ட்ரிங் கொடுத்தால் குப்பை வராது, எரர் வரும். பைத்தான் 3.6 (2016) முதல் எஃப்-ஸ்ட்ரிங் வசதி உண்டு. மாறியின் பெயரை அடைப்புக்குறிக்குள் நேராகவே எழுதிவிடலாம்.

இது மார்க் போகிற விஷயம் மட்டுமல்ல. யூசர் டைப் செய்த பெயரை பிரிண்ட்எஃப்(பெயர்) என்று நேரடியாகக் கொடுத்தால், அந்தப் பெயருக்குள் இருக்கும் சதவீதக் குறிகளும் கட்டளையாகிவிடும். அதிலும் '%என்' மெமரியில் எழுதவே செய்யும்! 2000-ல் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற சர்வரை இந்த ஓட்டை வழியாகத்தான் வெளியாட்கள் கைப்பற்றினார்கள். 2021-லும் சதவீதக் குறிகள் நிறைந்த பெயருள்ள ஒரு வைஃபையில் சேர்ந்த ஐஃபோனில் வைஃபையே வேலை செய்யாமல் போனது. ஆஃப் செய்து ஆன் செய்தும் பயனில்லை. நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்ய வேண்டியிருந்தது.

இதற்கு மருந்து ரொம்ப சிம்பிள். பிரிண்ட்எஃப்("%எஸ்", பெயர்) என்று எழுதுங்கள், அவ்ளோதான். ஜிசிசி-யில் கம்பைல் செய்யும்போது 'மைனஸ் டபிள்யூ ஆல்' சேர்த்தால், '%டி'-யும் '%எஃப்'-ம் மாறியிருப்பதை அதுவே எச்சரிக்கும். வார்னிங்தானே என்று தாண்டிப் போகாதீர்கள்.

கம்ப்யூட்டர் நாம் சொன்னதை நம்புகிறது. சொல்லும் நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும், நண்பர்களே!